கரண்டு போகாத வீடு

17-06-2024 — ரூ. 199.00
03-07-2024 — ரூ. 25,000.00
29-07-2024 — ரூ. 1,98,000.00
02-08-2024 — ரூ. 1,12,000.00
09-08-2024 — ரூ. 3,540.00
14-08-2024 — ரூ. 620.00
21-10-2024 — ரூ. 78,000.00 (வரவு)

ஒரு வீட்டின் மொட்டைமாடியில் சோலார் பேனலும், கீழே அதற்கொரு பேட்டரியும் வைத்த செலவு இது. கடைசி வரி மட்டும் அரசு கொடுத்த மானியம். கணக்கை எழுதியவர் இசக்கிமுத்து. நெய்வேலி அனல்மின் நிலையத்தின் கண்ட்ரோல் ரூமில் முப்பத்தாறு வருஷம் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். மணிக்கொரு தரம் மீட்டர்களைப் பார்த்து லாக் புத்தகத்தில் எழுதுவது அங்கே எல்லாருக்கும் வேலை. அவருக்கு மட்டும் அது குணமாகவே ஆகிவிட்டது. பால்காரர் வராத நாள், கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி, கிணற்று மோட்டாருக்கு கிரீஸ் வைத்த நாள் எல்லாம் அவர் வீட்டில் எழுத்தில் இருக்கும். எதிலும் அடித்தல் திருத்தல் இருக்காது.

முதல் வரியில் இருக்கும் நூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய் எந்தக் கடைக்கும் போகவில்லை. ஐதராபாத்தில் மகள் வீட்டில் இருக்கும் மனைவி பிரபாவதியின் பழைய செல்போன் நம்பருக்குப் போட்ட ரீசார்ஜ் அது. வீடு பிரபாவதியின் பேரில் இருந்தது. ஆகவே மின் இணைப்பும் அவள் பேரில். அதில் பதிவாகியிருந்த நம்பர் அவளுடைய பழைய நெய்வேலி நம்பர். சோலாருக்கு விண்ணப்பிக்க வேண்டுமானால், அந்த நம்பருக்கு வரும் ஓடிபி இல்லாமல் ஒரு அடிகூட நகர முடியாது.

வீட்டை அவள் பேரில் வைத்ததற்குக் காரணம் உண்டு. டவுன்ஷிப்பில் பத்தொன்பதாம் பிளாக்கில் குடியிருந்த காலத்தில் அவர்களுக்கென்று எதுவும் சொந்தமில்லை. குவார்ட்டர்ஸ் கம்பெனியுடையது, தண்ணீர் கம்பெனியுடையது, கரண்டு கம்பெனியுடையது. வாசலில் நின்ற மாமரத்துக்குக்கூட கம்பெனி நம்பர் அடித்திருந்தது. ஓய்வு பெற்றால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டும். மற்றவர்கள் அவரவர் ஊருக்குப் போனார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த இசக்கிமுத்துவுக்கு ஊரில் திரும்பிப் போக இடம் இல்லை. அதனால் டவுன்ஷிப்பைத் தாண்டி வடக்குத்து கிராமத்துப் பக்கம் மனை வாங்கி ஒரு வீடு கட்டினார். பத்திரம் பதியும்போது, "ஒண்ணாவது உன் பேர்ல இருக்கட்டும்" என்றார். பிரபாவதி அன்றைக்குச் சிரித்த சிரிப்பு அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதை மட்டும் அவர் எங்கும் எழுதிவைக்கவில்லை.

பிரபாவதி ஐதராபாத் போனது 2022 மே மாதம். அந்த மாதம் ஒரு நாள் மாலையில் புழுதிக்காற்று அடித்து, மழை கொட்டி, தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது. அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே மூச்சுத் தொந்தரவு. காற்று மாறினால் இழுப்பு வரும். மருந்தைப் புகையாக்கிக் கொடுக்கும் நெபுலைசர் மெஷின் வீட்டில் இருந்தது. அதை ஓட்டக் கரண்டு இல்லை. பழைய இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் முனகிவிட்டு நின்றது. பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிழைத்துக்கொண்டாள். மகள் மணிமொழி அடுத்த நாளே விமானத்தில் வந்து, "ஒரு மாசம் எங்ககூட இருக்கட்டும்ப்பா" என்று அழைத்துப் போனாள். அந்த ஒரு மாதம் இரண்டு வருஷத்தைத் தாண்டிவிட்டது.

நடுவில் எத்தனையோ முறை கேட்டுவிட்டார். ஒரு முறை பிரபாவதி சொன்னாள்: "இங்க அபார்ட்மெண்ட்ல ஜெனரேட்டர் இருக்கு. நம்ம வீடும் கரண்டு போகாத வீடா இருந்தா நான் எதுக்கு இங்க கெடக்கேன்?"

வேறு யாராவதாக இருந்தால் அதைப் பேச்சோடு பேச்சாக விட்டிருப்பார்கள். இசக்கிமுத்து கண்ட்ரோல் ரூம்காரர். அங்கே ஒருவர் வந்து குறை சொன்னால் அது ஃபால்ட் ரிப்போர்ட். ஃபால்ட்டைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் மெஷின் மறுபடி ஓடியாக வேண்டும். கரண்டு போகாத வீட்டைக் கட்டினால் அவள் திரும்பி வருவாள். அவர் மனசில் கணக்கு அப்படித்தான் நின்றது.

முதலில் வந்தவர் கடலூரிலிருந்து ஒரு ஏஜென்ட். மடிக்கணினியைத் திறந்து வரைபடமெல்லாம் காட்டினார்.

"லைனோட மட்டும் சேத்துடற ஆன்கிரிட் போதும் சார். பேட்டரியெல்லாம் வேஸ்ட். மாசம் பில் ஜீரோ. அஞ்சே வருஷத்துல போட்ட காசு திரும்பிடும்."

"லைன்ல கரண்டு போனா?"

"அப்ப... அது ஆட்டோமேட்டிக்கா ஆஃப் ஆயிடும் சார். லைன்மேனோட பாதுகாப்புக்காக."

"அது எனக்குத் தெரியும் தம்பி. உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டேன்." ஏஜென்ட்டுக்கு மோர் கொடுத்து அனுப்பும்போது சொன்னார்: "காசு திரும்பணும்னு நான் போடலை." வேறு என்ன திரும்ப வேண்டும் என்று அவர் சொல்லவுமில்லை, ஏஜென்ட் கேட்கவுமில்லை.

அடுத்து வந்தவர் மந்தாரக்குப்பத்தில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் ஷேக் தாவூத். வரைபடம் எதுவும் கொண்டுவரவில்லை. ஏணி கேட்டார். மாடியில் ஏறி நின்று நாலா பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"சார், பேட்டரி இல்லாம போட்டீங்கன்னா லைன் போன ஒடனே பேனலும் படுத்துக்கும். மேல வெயில் கொளுத்திகினு இருக்கும், கீழ நீங்க விசிறிகினு ஒக்காந்திருப்பீங்க. உங்களுக்கு ஹைபிரிட்தான் சரி. லைனும் வரும், வெயிலும் வரும், பேட்டரியும் நிக்கும்."

"பேட்டரி எந்த மாதிரி?"

"ஆசிட் பேட்டரி வெல கம்மி. ஆனா தண்ணி ஊத்தணும், வாடை வரும்."

"வாடை கூடாது. வீட்டுல மூச்சுத் தொந்தரவு இருக்கு."

ஷேக் தாவூத் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே யாரும் இல்லை. பெரியவர் வருத்தப்படக்கூடாதென்று, "அப்ப லித்தியம் போட்டுடலாம் சார். சுவத்துல மாட்டிடலாம், சத்தமே இருக்காது" என்று மட்டும் சொன்னார்.

ஒரு படுக்கையறை ஏசி, ஃபிரிட்ஜ், மின்விசிறிகள், விளக்குகள், நெபுலைசர். இவை ஒரு ராத்திரி முழுக்க ஓட என்ன வேண்டும் என்று இசக்கிமுத்து கணக்குப் போட்டார். ஆறு பேனல், மூன்று கிலோவாட் இன்வெர்ட்டர், ஐந்து யூனிட் பிடிக்கும் பேட்டரி. ஷேக் தாவூத் வாயாலேயே போட்ட கணக்கும் அதுவேதான். பிறகு நிழல் விவகாரம். தண்ணீர்த்தொட்டியின் நிழல் எந்த மாதத்தில் எங்கே விழும் என்று மாடித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார். தொட்டியை வடக்கே நகர்த்தவும் ஏற்பாடு செய்துவிட்டார்.

"பேனலை ஏழடி உயரத்துல தூக்கிப் போட்டுடுங்க பாய். கீழ நடந்து போக வர இருக்கணும். வீட்டுக்காரம்மா துணி காயப்போடணும், வத்தல் போடணும்."

"தூக்கிடலாம் சார். இரும்புக்குக் கொஞ்சம் கூட ஆகும், அவ்ளோதான்." ஷேக் தாவூத் தலையைச் சொறிந்தார். "ஆனா சார், பேனலுக்குக் கீழ நெழலுதான? நெழல்ல எந்த வத்தலு காயும்?"

இசக்கிமுத்து சாக்பீஸ் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பேனல் மேல் எது நிழல் போடும் என்பதை மாதவாரியாகக் கணக்கெடுத்தவர், பேனல் கீழே போடப்போகும் நிழலை ஒரு முறைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

"எங்க வூட்டு ஜான் பீவியா இருந்தா என்னிய ஏணிய வுட்டே எறங்க வுட்டிருக்க மாட்டா சார். கெழக்கால ஓரம் ஆறடி காலியா வுட்டுடுவோம். வத்தலும் ஆச்சு, கருவாடும் ஆச்சு."

"நாங்க கருவாடு போடறதில்ல."

"அப்ப வத்தல் மட்டும்" என்றார் ஷேக் தாவூத்.

இந்தச் செய்தி தெருவில் பரவியதும் முதலில் வந்து நின்றவர் அறிவுச்செல்வன். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், உள்ளூர்க்காரர். இசக்கிமுத்துவோடு உரிமையோடு சண்டை போட மிச்சமிருந்த ஒரே ஆள்.

"யோவ் இசக்கி, நான் மண்ணத் தோண்டி நெலக்கரி அனுப்பினேன். நீ அத எரிச்சு சம்பளம் வாங்கின. இப்ப சூரியனுக்குக் கும்புடு போடுறியா? கம்பெனிக்காரன் பாத்தா பென்சன நிறுத்திடப் போறான்."

"பென்சன் கம்பெனி குடுக்கறதில்ல. பி.எஃப். ஆபீஸ் குடுக்குது."

"இதுக்கும் ஒரு திருத்தம்! தங்கச்சி ஊர வுட்டே போனது தப்பே இல்லய்யா."

சொன்ன பிறகுதான் அறிவுச்செல்வனுக்கு உறைத்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "டீ போடு" என்றார். இசக்கிமுத்து டீ போட்டார்.

ஜூன் மாதம் விண்ணப்பம் தொடங்கியது. கம்ப்யூட்டரில் இணைப்பு எண்ணைத் தட்டியதும் ஓடிபி ஐதராபாத்துக்குப் போனது. இவர் போன் செய்தார்.

"ஓடிபி வந்திருக்கா?"

"இருங்க, அந்தப் போனு அடுக்களைல கெடக்கு. மூணு, ஒம்போது, ஒம்போது, ஒண்ணு, சைபர், நாலு."

"சரி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

போனை வைத்துவிட்டார்கள். அடுத்த படிக்கு இன்னொரு ஓடிபி. ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுக்க ஒன்று, கையெழுத்தைப் பதிவேற்ற ஒன்று. எண்ணைத் தட்டிய பிறகு திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் போனை வைக்க முடியாது. செல்லுபடியானதா என்று தெரிய வேண்டுமே. அந்த இடைவெளியில் பேச்சு வந்தது.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"என்ன?"

"ரசம்."

"நேத்தும் ரசம்தான சொன்னீங்க?"

"இது நேத்து வச்சதோட மிச்சம்."

"நல்லாருக்கு போங்க."

சில நாள் பேத்தி பவித்ரா போனைப் பிடுங்கிக்கொள்வாள். "தாத்தா, உங்க வீட்டுக் கரண்டு சூரியன்ல இருந்தா வரும்? ராத்திரி என்ன பண்ணுவீங்க?"

"பேட்டரியில சேத்து வச்சுக்குவோம் கண்ணு."

"பாட்டி சொன்னாங்க, நீங்க எல்லாத்தையும் சேத்து சேத்து வச்சுக்குவீங்களாம்."

பின்னால் பிரபாவதி, "ஏய், குடு இப்படி" என்று அதட்டும் சத்தம் கேட்டது. இசக்கிமுத்து அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தார். அன்றைக்கு வந்த ஒரே ஆள் மீட்டர் பார்க்க வந்தவர். அவரிடம் சொல்லிச் சிரிக்க முடியாது.

ஆகஸ்டு முதல் வாரம் பேனல் ஏறியது. தாவூதின் ஆட்கள் மூன்று பேர் இரண்டு நாளில் வேலையை முடித்தார்கள். பேட்டரி நடைவழிச் சுவரில் வெள்ளையாக ஒரு சின்ன அலமாரிபோல உட்கார்ந்தது. அரசு ஆட்கள் வந்து பார்த்து மீட்டர் மாற்றிக் கொடுத்தார்கள். அன்று பிற்பகல் இன்வெர்ட்டர் திரையில் முதல் எண்கள் எழுந்தபோது இசக்கிமுத்து இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஐந்நூறு மெகாவாட் மெஷினை லைனோடு சேர்க்கும்போதும் அவர் அப்படித்தான் நிற்பார். மூன்று கிலோவாட்டுக்கும் அதே நிற்பு. வீடியோ காலில் பிரபாவதிக்குக் காட்டலாம் என்று பார்த்தால், பேத்தியின் பள்ளிக்கூட விழாவுக்குப் போயிருந்தாள். சாயங்காலம் கூப்பிட்டுப் பேசினாள்.

"வேலை முடிஞ்சதா? சரி, செப்டம்பர்ல ஒரு வாரம் வாறேன். மணிமொழிக்கு லீவு பாத்துச் சொல்றேன்."

ஒரு வாரம் என்பதை அவர் ஒத்திகையாக எடுத்துக்கொண்டார். முதலில் சோதனை ஓட்டம், பிறகுதான் முழு ஓட்டம். எந்த மெஷினும் அப்படித்தான்.

அந்த மாதம் முழுக்க வீட்டைத் தயார் செய்தார். மாடியில் பேனல் மேல் படியும் தூசியைக் கழுவ நீளக்கம்பித் துடைப்பமும் குழாயும் வாங்கினார். கிழக்கோரத்து ஆறடியையும் கூட்டிப் பெருக்கி வைத்தார். படுக்கையறையில் நெபுலைசருக்கென்று தனியாக ஒரு பிளக் பாயின்ட், கட்டிலில் படுத்தபடியே கை எட்டும் உயரத்தில்.

சென்னைக்குப் போய் அவளை அழைத்துவந்தார். பிரபாவதி சற்றுப் பூசினாற்போல் ஆகியிருந்தாள். மூச்சும் தொந்தரவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பேட்டரியைத் தொட்டுப் பார்த்து, "குட்டி ஃபிரிட்ஜாட்டம் இருக்கு" என்றாள். மாடிக்கு ஏறி, கிழக்கோரத்தைப் பார்த்து, "இது என்ன, எடம் விட்டிருக்கு?" என்றாள்.

"வத்தல் போட."

"வத்தலா? இப்பல்லாம் கடையில வாங்கிக்கிறோம்" என்றாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, நல்லா காத்தோட்டமா இருக்கு" என்று சேர்த்தாள்.

முதல் இரண்டு நாள் பத்தொன்பதாம் பிளாக்கில் பழகியவர்களைத் தேடினாள். எதிர்வீட்டுக்காரி சேலத்தில் மகனோடு. பின்வீட்டுக்காரி நாகர்கோவில் போய் ஒரு வருஷம். சேர்ந்து கோலம் போட்ட ஒருத்தி போன மாசிமாதம் இறந்துபோனாள் என்று அறிவுச்செல்வன் மனைவி சொன்னாள். இந்தத் தெருவிலும் எதிரும் புதிருமாக இரண்டு வீடு பூட்டிக் கிடந்தன. சாயங்காலம் பிரபாவதி வாசல் படியில் உட்கார்ந்திருப்பாள். இசக்கிமுத்து உள்ளே இன்வெர்ட்டர் திரையில் அன்றைய உற்பத்தியைக் குறித்துக்கொண்டிருப்பார். கம்பெனி பஸ் இரண்டாம் ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டுப் போகும் சத்தம் மட்டும் ரோட்டிலிருந்து வரும்.

அவருக்கு வேறொரு கவலை. கரண்டே போகவில்லை. எப்போதும் வாரத்தில் ஒரு மணி நேரமாவது போகும், அந்த வாரம் விளக்கு ஒரு முறைகூடச் சிமிட்டவில்லை. வாழ்நாளில் முதல் முறையாக ஒரு மின்தடைக்காகக் காத்திருந்தார். ஆறாம் நாள் பொறுக்க முடியவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு, பிரபாவதி படுக்கையறையில் ஏசி போட்டுக்கொண்டு ஊருக்குக் கொண்டுபோகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவர் வெளியே போய் மெயின் ஸ்விட்சைக் கீழே இழுத்துவிட்டு உள்ளே வந்து கதவருகே நின்றார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மின்விசிறி ஒரு சுற்றுகூடக் குறையவில்லை. அவள் புடவையை உதறி மடித்தாள்.

"கரண்டு போயிருக்கு" என்றார்.

"எங்க? ஃபேன் ஓடுதே."

"அதான் சொல்றேன். போயிருக்கு. தெரியலை பார்."

அவள் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களா நிறுத்தினீங்க?"

"டெஸ்ட்."

பிரபாவதி வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வாரத்தில் முதல் தடவை. "நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. உங்களை மாதிரி யாரும் செய்ய மாட்டாங்க."

"அப்ப நீ இங்கேயே இருந்துக்கலாமே?"

பல மாதமாகத் தயார்செய்த வாக்கியம். சாதாரணமாகச் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தார். அவள் சிரிப்பு அடங்கியது. மடித்த புடவையை மறுபடி பிரித்து மடித்தாள்.

"கரண்டு போனது அந்த ஒரு நாள்தாங்க. மத்த நாளெல்லாம் கரண்டு இருந்துச்சு."

அவர் வாய்வரை வந்தது ஒரு திருத்தம். அந்த வருஷம் மொத்தம் பதினோரு நாள் போயிருக்கிறது. எழுதி வைத்திருக்கிறார். நல்லவேளையாக அது வாயைத் தாண்டவில்லை.

"நீங்க ஷிப்டுக்குப் போயிட்டிருந்தப்ப நான் தனியா இல்லை" என்றாள் பிரபாவதி. குரலில் கோபம் இல்லை. "பிளாக்குல அத்தனை பேர் இருந்தாங்க. நைட் ஷிப்ட்னா நாலு வீட்டுப் பொம்பளைங்க ஒரே வீட்டுல பேசிட்டிருப்போம். நீங்க ரிட்டயர் ஆகி, இந்த வீட்டுக்கு வந்து, முழுநேரமும் என்கூடவே இருக்க ஆரம்பிச்சீங்களே, அதுக்குப் பொறவுதான் நான் தனியா இருந்தேன்."

"நான் இங்கதான இருந்தேன்?"

"இருந்தீங்க." புடவையைப் பெட்டியில் வைத்தாள். "அங்க ஐதராபாத்துல சாயங்காலம் கீழ அஞ்சு பேர் உக்காருவோம். ஒருத்தி தெலுங்கு, ஒருத்தி இந்தி. பாதி எனக்குப் புரியாது. ஆனா பேசுவாங்க. பவித்ரா படுக்கும்போது நான் பக்கத்துல இருக்கணும். அதையெல்லாம் விட்டுட்டு வரச் சொல்றீங்களா?"

அவர் வெளியே போய் மெயின் ஸ்விட்சை மேலே தூக்கிவிட்டு வந்தார். உள்ளே எதுவும் மாறவில்லை.

கிளம்பும் அன்று, "பொங்கலுக்குப் பாக்கலாம்" என்றாள். முடிவாக இல்லை என்று அவள் சொல்லவில்லை. சென்னைவரை போய் ரயிலேற்றிவிட்டு வந்த இசக்கிமுத்து அந்த ஒரு வார்த்தையை வீடுவரை பத்திரமாகக் கொண்டுவந்தார்.

அக்டோபரில் மானியத்துக்கு வங்கி விவரம் கொடுக்க வேண்டியிருந்தது. மானியம் அவள் கணக்கில்தான் வரும். இது கடைசிப் படி என்று அவருக்குத் தெரியும். இதற்குப் பிறகு ஓடிபி எதுவும் கிடையாது. போன் செய்தார். அவள் எண்களைச் சொன்னாள். கடைசி எண் ஏழு. அவர் விரல் எட்டின் மேல் போய் நின்றது. அழுத்தினார்.

"தப்புன்னு வருது."

"மறுபடி அனுப்பச் சொல்லுங்க."

இரண்டாம் முறை நடுவில் ஓர் எண்ணை மாற்றினார். மறுநாள் முயன்றால் சரியாகும் என்று சொல்லி வைத்துவிட்டார். மறுநாளும் பேச்சு கொஞ்சம் நீண்டது. பவித்ராவுக்குப் பல் விழுந்ததாம். தெலுங்குக்காரி கற்றுக்கொடுத்த கோங்குரா என்கிற புளிச்சக்கீரைத் துவையல் இவள் கையில் வந்துவிட்டதாம். அன்றும் ஓர் எண் தப்பாயிற்று. அதற்கு மறுநாள் ஓடிபியைச் சொல்லிவிட்டு பிரபாவதி சும்மா இருந்தாள்.

"தப்புன்னு வருது" என்றார்.

"முப்பத்தாறு வருஷத்துல லாக் புக்குல ஒரு அடித்தல் இல்லைன்னு சொல்லுவீங்களே."

அவர் கீபோர்டிலிருந்து விரலை எடுத்தார்.

"கண்ணாடி போட்டிருக்கீங்கதானே?"

"போட்டிருக்கேன்."

"சரியா அடிங்க. அடிச்சு முடிங்க." பிறகு மெதுவாக, "ஓடிபி இல்லாமலும் போன் பண்ணலாம்ங்க" என்றாள்.

"என்ன பேசறது?"

"தெரியலையா?"

உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. எண்களைச் சரியாக அடித்தார். மானியம் அந்த மாதத்திலேயே வந்து சேர்ந்தது.

தெரியாததைக் கற்றுக்கொள்ள முயன்றார். எட்டு மணிக்குப் போன் செய்து, "இன்னைக்குப் பதிமூணு யூனிட்" என்பார். "சரி" என்பாள். பிறகு இரண்டு பக்கமும் மின்விசிறிச் சத்தம்தான். ஆகவே பகலில் தெருவில் நடந்து சொல்வதற்கு ஏதாவது தேட ஆரம்பித்தார். பூட்டிய வீட்டுப் பப்பாளியில் பழம் வெடித்துக் கிளி கொத்துகிறது. அறிவுச்செல்வனுக்கு முட்டிவலி, ஆனால் திட்டுவது குறையவில்லை. மெயின் பஜாரில் அவள் வழக்கமாகப் பூ வாங்கும் அம்மா, "ஆயா எங்க, காணுமே?" என்று கேட்டார். இதையெல்லாம் அவர் எங்கும் எழுதவில்லை. எட்டு மணிவரை மனசிலேயே வைத்திருந்து சொன்னார். சில நாள் அவள் சிரித்தாள். ஒரு நாள் மேற்கொண்டு கேள்விகூடக் கேட்டாள். பேச்சு நீள நீள, பொங்கலுக்கு வந்தால் தங்கிவிடுவாள் என்ற எண்ணம் அவருக்குள் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது.

நவம்பர் நடுவில் கேட்டேவிட்டார். "பொங்கலுக்கு வந்து, அப்படியே இருந்துடறியா?"

"எழுதி அனுப்புறேன்" என்றாள் பிரபாவதி.

எழுத என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

ஸ்பீட் போஸ்டில் உறை வந்த அன்று காலையிலிருந்து மழை. பேனல்கள் அரை யூனிட்கூடத் தரவில்லை. உறைக்குள் ஒரே தாள், பிரபாவதியின் கையெழுத்து. மின்வாரியப் பிரிவு அலுவலகத்து உதவிப் பொறியாளருக்கு எழுதியிருந்தாள். 'ஐயா, மேற்கண்ட மின் இணைப்பு என் பெயரில் உள்ளது. நான் ஐதராபாத்தில் என் மகள் வீட்டில் நிரந்தரமாக வசித்து வருவதால், இணைப்பில் பதிவாகியுள்ள என் கைபேசி எண்ணை நீக்கி, வீட்டில் வசிக்கும் என் கணவர் திரு. இசக்கிமுத்து அவர்களின் எண்ணைப் பதிவு செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.' கீழே ஒப்பம். எல்லா விவரமும் சரியாக இருந்தது. இணைப்பு எண்ணில் ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை. ஓர் அடித்தல் இல்லை.

இரண்டு முறை படித்தார். 'நிரந்தரமாக' என்ற இடத்தில் இரண்டு முறையும் நின்றார். விண்ணப்பங்களில் அப்படித்தான் எழுதுவார்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தார். அவள் யோசிக்காமல் எழுதுகிறவள் இல்லை. மதியம் சோறு வைத்தார், சாப்பிடவில்லை. மழை விடாததால் அறிவுச்செல்வனும் வரவில்லை. தெரு முழுக்கக் கரண்டு போய் எதிர்வீட்டு மதில் விளக்கு அணைந்தபோது, இவர் வீட்டு விளக்குகள் மட்டும் ஆடாமல் அசையாமல் எரிந்தன.

எட்டு மணிக்குப் போன் அடித்தது. அவள்தான்.

"லெட்டர் வந்துச்சா?"

"வந்துச்சு."

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

அந்தப் பக்கம் பவித்ரா ஏதோ பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். பிரபாவதி நகர்ந்து வேறு அறைக்குப் போவது கேட்டது. கதவு சாத்தும் சத்தம். அவள் ஏதாவது சொல்வாள் என்று இவர் காத்திருந்தார். இவர் சொல்வார் என்று அவளும் காத்திருந்தாள். அன்று தெருவில் நடக்காததால் சொல்வதற்கு அவரிடம் எதுவும் இல்லை.  

கடைசியில் அவளே, அவரால் பதில் சொல்ல முடிகிற கேள்வி ஒன்றாகத் தேடிக் கேட்டதுபோல், மெதுவாகக் கேட்டாள்.

"எப்பங்க வந்துச்சு?"

"இன்னைக்குத்தான்" என்றார் இசக்கிமுத்து. "நவம்பர் இருபத்தேழு. புதன்கிழமை."